அந்த இரண்டு கட்டங்களை எடுத்துவிடுங்கள்: நம் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

போன மாதக் கூட்டத்தில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களை இரண்டாகப் பிரித்துத் திரையில் காட்டிய அந்த ஒரு படத்தைப் பற்றித்தான் இந்த மடல். இடது பக்கம் ஒரு கட்டம், அதற்குள் மார்கஸ் கார்வி, மால்கம் எக்ஸ், ஆயுதத்தோடு தற்காப்புப் பேசிய பிளாக் பாந்தர்கள், மேலே ‘போராளிகள்’ என்று தலைப்பு. வலது பக்கம் இன்னொரு கட்டம், அதற்குள் புக்கர் டி. வாஷிங்டன், பொருளியலாளர் தாமஸ் சோவெல், உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், மேலே ‘சமரசவாதிகள்’. பேச்சு சூடாக ஆக, சமரசவாதிகள் துரோகிகளானார்கள், கடைசியில் ஒருவர் கிளாரன்ஸ் தாமஸை ‘வீட்டு அடிமை’ என்றே சொன்னார், எல்லாரும் சிரித்தோம். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. குழுவுக்குள் மட்டும் சொல்லாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதக் காரணம், அந்தப் படம் நம் வட்டத்தோடு நிற்கவில்லை. தமிழில் கறுப்பின அரசியல் பேசுகிற இடங்களில் எல்லாம் அது ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தாமஸுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். அவருடைய தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கவில்லை. 2013-ல், கறுப்பினத்தவரின் ஓட்டைக் காத்த வாக்குரிமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கிய ஷெல்பி கவுண்டி தீர்ப்பில் பெரும்பான்மையோடு நின்றது போதாதென்று, சில மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற முன் அனுமதி வாங்க வேண்டும் என்று மிச்சமிருக்கும் ஐந்தாவது பிரிவையும் சேர்த்தே ரத்து செய்திருக்க வேண்டும் என்று தனியாக எழுதினாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் ஒருவரை எதிர்ப்பது வேறு, அவர் எங்கிருந்து கிளம்பி வந்தார் என்றே பார்க்காமல் ஒரு வசவைப் போட்டு மூடிவிடுவது வேறு. அதுவும் அந்த வசவு! எஜமானுக்கு விசுவாசமான வீட்டு அடிமை, அவனை வெறுக்கும் வயல் அடிமை என்ற பேச்சை ஊரெல்லாம் பரப்பியவர் மால்கம் எக்ஸ், 1963 நவம்பரில் டெட்ராய்ட்டில் பேசியபோது. அந்த மால்கமின் பேச்சுத் தட்டுகளை வாங்கி மனப்பாடம் ஆகும்வரை கேட்டவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் தாமஸ். மாசசூசெட்ஸில் ஹோலி கிராஸ் கல்லூரியில் படித்தபோது அவர் விடுதி அறைச் சுவரில் மால்கம் படம் இருந்தது. அங்கே கறுப்பின மாணவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நாம் அவர்மேல் எறிந்த கல் அவர் வீட்டுச் சுவரிலிருந்தே பெயர்த்தது.

இன்னொரு நாளையும் நினைவுபடுத்த வேண்டும். 2023 ஜூன் 29. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். அன்று இரவு நம் குழுவில் எத்தனை பேர் மகிழ்ச்சியாக எழுதினோம், இனி ஆசியர்களான நம் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைக்கும் என்று? நானும்தான். என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. அந்தத் தீர்ப்பில் தாமஸ் தனியாக எழுதிய நீண்ட கருத்துரையைப் பல மாதம் கழித்துத்தான் உட்கார்ந்து படித்தேன். ஆசிய மாணவர்களைப் பற்றியும் அதில் இருக்கிறது, ஆனால் அதன் சூடு முழுக்க வேறு இடத்தில்: சலுகையில் வந்தவர் என்ற முத்திரை ஒரு கறுப்பின மாணவர்மேல் எப்படி விழுகிறது, அவர் சொந்த உழைப்பில் வாங்கிய பட்டத்தையும் எப்படிச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது என்பதில். அவருக்கு அது ஏட்டுப் படிப்பு இல்லை. 1974-ல் யேல் சட்டக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிப் போன இடங்களில் அவரை நம்பாமல் பார்த்தார்கள். அந்த வெறுப்பில் 15 சென்ட் விலை ஒட்டியை அந்தப் பட்டச் சட்டகத்தில் ஒட்டி வைத்தார். ஆக, நாம் கொண்டாடிய தீர்ப்பையும் நாம் திட்டிய நீதிபதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க நமக்குத் தோன்றவே இல்லை. நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சரி, இதையெல்லாம் நான் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. நீங்கள் பெரும்பாலும் புறநகரான புரூக்ஃபீல்டு பக்கம் இருக்கிறீர்கள், நான் பதினான்கு வருடமாக விஸ்கான்சினின் மில்வாக்கி நகருக்குள்ளேயே, ஷெர்மன் பார்க்கில் இருக்கிறேன். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மிசிசிப்பியிலிருந்து கைக்குழந்தையாக இங்கே வந்தவர். அப்பாவுக்கு வார்ப்பட ஆலையில் வேலை. 1967 ஆகஸ்டில் வீட்டுவசதிப் பாகுபாட்டை எதிர்த்துப் பாதிரியார் ஜேம்ஸ் குரோப்பியும், கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் இளைஞர் அணியும் பதினாறாம் தெருப் பாலத்தைத் தாண்டித் தெற்குப் பக்கம் ஊர்வலம் போனார்கள் அல்லவா, தொடர்ந்து 200 இரவுகள், அதில் இவரும் நடந்திருக்கிறார். அப்போது பதினைந்து வயது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் வெள்ளையர்கள் கூடி நின்று கல்லும் பாட்டிலும் எறிந்தார்கள். அவர் வீட்டு முன்னறையில் மார்ட்டின் லூதர் கிங் படமும் மால்கம் படமும் அக்கம் பக்கமாகத் தொங்குகின்றன. வாழ்நாள் முழுக்க ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். ஆனால் அரசு உதவித்தொகை ஆண்களை வீட்டைவிட்டு விரட்டியது என்பார். உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கிறார். பிள்ளைகள் கால்சட்டையை இடுப்புக்குக் கீழே இறக்கிப் போட்டால் திட்டுவார். கடை நம்முடையதாக இருக்க வேண்டும், பள்ளி நம்முடையதாக இருக்க வேண்டும், யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை என்பார். 1990-ல் தன் மகளுக்காக, அரசுப் பணத்தில் தனியார் பள்ளியில் படிக்கவைக்கும் பள்ளி வவுச்சரை ஆதரித்து மாநிலத் தலைநகர் மேடிசன் வரை பேருந்தில் போய் வந்திருக்கிறார். இவரை உங்கள் படத்தில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. இவர் மாதிரி ஆட்கள் அந்தத் தெருவில் நிறைய.

படத்தில் எதிரெதிராக நிறுத்திய இருவரை எடுத்துக்கொள்ளுங்கள், வாஷிங்டனும் கார்வியும். 1895 செப்டம்பரில் அட்லாண்டாவில் வாஷிங்டன் பேசியது நமக்குத் தெரியும்: சமூக வாழ்வில் விரல்களைப் போலத் தனித்தனியாக இருக்கலாம், முன்னேற்றத்துக்கு வேண்டியதில் ஒரே கையாக இருக்கலாம் என்று. வெள்ளையர் கைதட்டினார்கள். அதனால் சமரசவாதி. சரி. ஆனால் ஜமைக்காவில் பிறந்த கார்வி, வாஷிங்டனின் தன்வரலாற்றைப் படித்துத்தான் தன் வாழ்க்கையின் வேலை என்ன என்று முடிவு செய்ததாகத் தானே சொல்லியிருக்கிறார். 1914-ல் தன் இயக்கத்தைத் தொடங்கியதும் அலபாமாவின் டஸ்கிகீயில் வாஷிங்டன் நடத்திய கல்விக்கூடத்தைப் போல ஜமைக்காவிலும் ஒன்று கட்ட ஆசைப்பட்டு அவருக்குக் கடிதம் எழுதினார், அவரும் வந்து பாருங்கள் என்று பதில் போட்டார். 1916 மார்ச்சில் கார்வி நியூயார்க்கில் இறங்கியபோது வாஷிங்டன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு கார்வி செய்ததைப் பாருங்கள். கறுப்பினத்தவருக்கு மட்டும் ஐந்து டாலர் பங்கு விற்று ஒரு கப்பல் கம்பெனி, மளிகைக் கடைகள், சலவைக்கூடம், தையற்கூடம். வாஷிங்டன் 1900-ல் தொடங்கிய கறுப்பின வணிகர் சங்கத்தின் கனவுதான் அது, அதற்கு ஒரு கொடியும் சீருடையும் கொடுத்துத் தெருவில் அணிவகுக்க வைத்தார் கார்வி. கார்வி இயக்கத்தில் ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர் ஏர்ல் லிட்டில் என்ற பாதிரியார், அவர் மகன்தான் மால்கம். வாஷிங்டனும் நாம் நினைக்கிற அளவுக்கு வளைந்து கொடுத்தவர் இல்லை, கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்த சட்டங்களை எதிர்த்த வழக்குகளுக்கு யாருக்கும் தெரியாமல் பணம் கொடுத்திருக்கிறார்.

நம் ஊரில் பங்காளிச் சண்டை என்போம். வரப்பு யாருடையது என்று வெட்டிக்கொள்வார்கள், ஆனால் குலதெய்வம் ஒன்றுதான். எனக்கு இந்த இரண்டு பக்கமும் அப்படித்தான் தெரிகிறது.

இவர்களுடைய அந்தப் பொதுவான இடம் எது? என் வாசிப்பில் அது கடை வைப்பதோ ஒழுக்கமோ இல்லை, அவையெல்லாம் பிறகு வருபவை. அடியில் இருப்பது ஒரு கசப்பு: வெள்ளை அமெரிக்கா மாறாது, அது நீட்டுகிற உதவிக் கையிலும் ஒரு பிடி இருக்கும் என்கிற முடிவு. மால்கம் வெள்ளைப் பழமைவாதியை ஓநாய் என்றார், வெள்ளைத் தாராளவாதியை நரி என்றார். ஓநாய் உறுமும், அதனால் தப்பித்துக்கொள்ளலாம். நரி சிரிப்பது போலப் பல்லைக் காட்டும். தாமஸ் 2007-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் கிட்டத்தட்ட அதையே பாம்புகளை வைத்துச் சொல்கிறார். தெற்கத்திய இனவெறியர் வாலைக் குலுக்கிச் சத்தம் காட்டிவிட்டுக் கடிக்கிற ஜார்ஜியா விரியனைப் போல, ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆதரவாகப் பேசுகிற பெருநகர வெள்ளையர் தண்ணீர்ப் பாம்பைப் போல, முன்னறிவிப்பே இல்லாமல் கொத்துவார்கள். மால்கமின் ஓநாயும் நரியும் தாமஸிடம் இரண்டு பாம்புகளாகி இருக்கின்றன, அவ்வளவுதான். இந்த எண்ணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால் மோசமான இடத்துக்கும் போய்ச் சேரலாம். 1922 ஜூனில் கார்வி அட்லாண்டாவில் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளான் தலைவரைப் போய்ச் சந்தித்தார். 1961 ஜனவரியில் கறுப்பின முஸ்லிம் அமைப்பான நேஷன் ஆஃப் இஸ்லாம் சார்பில் மால்கமே அதே ஊரில் கிளான் ஆட்களோடு உட்கார்ந்து பேசினார், பின்னாளில் அதை வெட்கத்தோடு தானே வெளியில் சொன்னார். நம் ‘போராளிகள்’ கட்டத்தில் இருப்பவர்கள் செய்த வேலை இது. கார்வியை அப்போதே துரோகி என்றார்கள். 1924-ல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் எழுதியது, இவன் ஒன்று பைத்தியம் அல்லது துரோகி என்று. அதே டுபாய்ஸ் பத்து வருடம் கழித்து, நம் பள்ளிகளையும் கூட்டுறவுகளையும் நாமே தனியாகக் கட்டிக்கொள்வதில் தவறில்லை என்று எழுதப்போய் என்.ஏ.ஏ.சி.பி.யை விட்டே விலக நேர்ந்தது. யார் வாயிலிருந்து யார்மேல் அந்தச் சொல் விழுந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

தாமஸின் தீர்ப்புகளில் இந்தக் கசப்பு ஒளிந்தெல்லாம் இல்லை. 1995-ல் கான்சாஸ் சிட்டி பள்ளிகள் வழக்கில் அவர் எழுதிய முதல் வரியே, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருக்கும் எதுவும் தாழ்வாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றங்கள் இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்வது தனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை என்பது. இதை 1955-ல் ஃபுளோரிடாவின் ஒரு நாளிதழுக்கு எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் எழுதிய கடிதத்தோடு சேர்த்துப் படியுங்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பை அவர் தன் இனத்துக்குக் கிடைத்த மரியாதையாகப் பார்க்கவில்லை, அவமானமாகப் பார்த்தார். என் பிள்ளை படிக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிள்ளை உட்கார்ந்தாக வேண்டுமா என்ற கோபம் அது. அவர் வளர்ந்தது ஈட்டன்வில் என்ற ஊரில். 1887-லேயே கறுப்பினத்தவர் தங்களுக்கென்று அமைத்து, தாங்களே ஆண்ட ஊர் அது. சுயமரியாதை என்ற சொல் நமக்கு எவ்வளவு பெரியது என்று யோசித்தால் இந்தக் கோபம் புரியாமல் போகாது. பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு தெற்கில் கறுப்பினப் பள்ளிகளைத்தான் மூடினார்கள், ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும்தான் வேலை இழந்தார்கள். துப்பாக்கியிலும் இதே கதை. 2010-ல் சிகாகோ துப்பாக்கி வழக்கில் தாமஸ் எழுதிய பக்கங்கள், 1873-ல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நடந்த படுகொலையைப் பற்றியும் கறுப்பினத்தவரிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கிய கதையைப் பற்றியும் பேசுகின்றன. யார் எழுதியது என்பதை மறைத்துவிட்டுக் கொடுத்தால் பாந்தர்கள் வெளியிட்ட துண்டறிக்கை என்றுகூட நினைக்கலாம்.

அப்புறம் கட்சி அரசியல். 1968 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சன் ‘கறுப்பின முதலாளித்துவம்’ என்று பேசினார், கறுப்பினத் தீவிரர்கள் கேட்பது நலத்திட்டத்தைவிடத் தொழில் முனைவுக்கு நெருக்கமானது என்று வானொலியில் சொன்னார். அவருக்கு அதில் ஓட்டுக் கணக்கு இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் கையை நீட்டியவர்கள் யார்? 1961-ல் பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துச் சுதந்திரப் பயணங்களை நடத்திய கோர் அமைப்பின் தலைவராக இருந்து, கறுப்பின அதிகாரம் என்ற முழக்கத்தை ஏற்றுக்கொண்ட ஃபிளாய்ட் மெக்கிஸிக். அவர் 1972-ல் நிக்சனை ஆதரித்தார், வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் சோல் சிட்டி என்று ஒரு புது நகரத்தையே எழுப்பக் கிளம்பினார், மத்திய அரசு 1.4 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அதே மாநிலத்துக் குடியரசுக் கட்சி செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் அதைத் துரத்தித் துரத்தி அடித்தார், 1979-ல் அரசு கைவிட்டது, நகரம் எழவில்லை. கோரில் அவருக்கு அடுத்து வந்த ராய் இன்னிஸ் இன்னும் தூரம் போனார். கறுப்பினத்தவர் தனித்து நிற்க வேண்டும் என்ற தேசியவாதியாகத் தொடங்கியவர், தாமஸின் நியமனத்தை ஆதரித்து, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தார். அவருடைய இரண்டு மகன்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த மனிதர் எந்த வலியிலிருந்து எந்த முடிவுக்குப் போனார் என்று நான் தீர்ப்புச் சொல்லத் தயாரில்லை.

ஆனால் எனக்கு மிகவும் முக்கியமான கதை நம் ஊர்க் கதை, மில்வாக்கி. நாம் இங்கேயே இருந்துகொண்டு இதைப் பேசாமல் விட்டது எனக்கு வருத்தம்.

1976-ல் மில்வாக்கிப் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன என்று மத்திய நீதிபதி தீர்ப்பளித்தார். அதைச் சரிசெய்ய வந்த திட்டத்தில் பேருந்தில் ஏறி ஊர் கடந்து போனவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளைப் பிள்ளைகளை ஈர்க்க நல்ல பள்ளிகளைத் தனிப் பாடத்திட்டம் கொண்ட சிறப்புப் பள்ளிகளாக மாற்றினார்கள். கறுப்பினத்தவர் பகுதியில் இருந்த நார்த் டிவிஷன் உயர்நிலைப் பள்ளிக்கு 1978-ல் புதுக் கட்டடம் வந்தது. வந்த கையோடு அதையும் சிறப்புப் பள்ளியாக்கி, அந்தப் பகுதிப் பிள்ளைகளை வெளியே அனுப்பத் திட்டம் போட்டார்கள். அதை எதிர்த்துத் தெருவில் இறங்கி வென்றவர் ஹோவர்ட் ஃபுல்லர். யார் இவர்? அதே பள்ளியில் படித்தவர். 1969-ல் வட கரோலினாவில் மால்கம் எக்ஸ் விடுதலைப் பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கியவர். 1971-ல் மொசாம்பிக் போய்ப் போர்ச்சுகீசியரை எதிர்த்த ஃப்ரெலிமோ கெரில்லாக்களோடு காட்டில் நடந்தவர். உங்கள் இடது கட்டத்துக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். 1980-களின் இறுதியில் இவரும் சட்டமன்ற உறுப்பினர் பாலி வில்லியம்ஸும் சேர்ந்து, நார்த் டிவிஷனைச் சுற்றிக் கறுப்பினத்தவரே நிர்வகிக்கும் தனிப் பள்ளி மாவட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். புதிய பிரிவினைவாதம் என்று தாராளவாதிகள் கொதித்தார்கள், அது சட்டமாகவில்லை. சரி, பள்ளியைத் தரமாட்டீர்கள் என்றால் பணத்தையாவது பெற்றோர் கையில் கொடுங்கள் என்பதுதான் அடுத்த கட்டம். பாலி வில்லியம்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர், அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனுக்கு விஸ்கான்சினில் தேர்தல் வேலையைத் தலைமை தாங்கி நடத்தியவர். அவர் குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்சனோடு கைகோத்து 1990-ல் பள்ளி வவுச்சர் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும், பிள்ளைக்கு ஏறக்குறைய 2,500 டாலர், மதம் சாராத தனியார் பள்ளிகளுக்கு. முதல் வருடம் சேர்ந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம். ஆசிரியர் சங்கமும் என்.ஏ.ஏ.சி.பி.யும் எதிர்த்தன. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேருந்தில் போனது இதற்குத்தான். அவர் மகள் படித்தது கறுப்பினத்தவர் நடத்திய ஒரு சின்னப் பள்ளியில். அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அது போதும் எனக்கு என்றார் ஒருநாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. வவுச்சருக்குப் பின்னால் பெரும் பணத்தோடு நின்றது இதே ஊரின் பிராட்லி அறக்கட்டளை, நாட்டின் பெரிய பழமைவாத அறக்கட்டளைகளில் ஒன்று. 1995-ல் மதப் பள்ளிகளும் உள்ளே வந்தன. 2002-ல் கிளீவ்லாந்து வவுச்சர் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது தாமஸ், அடிமையாகப் பிறந்து விடுதலைக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் சொற்களோடு தன் ஆதரவை எழுதினார். 2011-ல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் வருமான வரம்பையே எடுத்துவிட முயன்றபோது, ஹோவர்ட் ஃபுல்லர் சட்டமன்றக் குழுவின் முன் போய், இது ஏழைகளுக்காகத் தொடங்கியது, பணக்காரருக்கும் கொடுப்பதென்றால் நான் இதில் இல்லை என்றார். பாலி வில்லியம்ஸ் அதற்கு வெகு முன்பே விலகத் தொடங்கியிருந்தார். வெள்ளைப் பழமைவாதிகளுக்குத் தன் முகம் தேவைப்பட்ட காலம் முடிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. பங்காளிகள் இருவருக்கும் இடையில் நிலத்தை அளக்க வந்த மூன்றாம் ஆள் நிலத்தையே எழுதி வாங்கிக்கொண்டார் என்பதுதான் என் கணிப்பு. இதை நான் பழமைவாதிகளுக்கு எதிராக மட்டும் சொல்லவில்லை. நார்த் டிவிஷனுக்குத் தனி மாவட்டம் கேட்டபோது தாராளவாதிகள் உட்கார்ந்து பேசியிருந்தால் பாலி வில்லியம்ஸ் ஆளுநர் வாசலுக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அதைப் பேச யாருக்கும் விருப்பம் இருப்பதில்லை. இரண்டுமே பெரும்பாலும் ஆண்களின் கதை. ஜார்ஜியாவின் பின் பாயின்ட்டில் வறுமையில் பிறந்த தாமஸையும் தம்பியையும் சவானாவில் எரியெண்ணெய் விற்றுப் பிழைத்த தாத்தா எடுத்து வளர்த்தார். கண்டிப்பான, எழுத்து சரியாகத் தெரியாத, யாரிடமும் கைநீட்டாத அந்தத் தாத்தாதான் தாமஸின் தத்துவம் முழுதும். அக்காவைத் தாத்தா எடுத்துக்கொள்ளவில்லை, அவர் பின் பாயின்ட்டிலேயே அத்தையிடம் வளர்ந்தார். 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பினப் பழமைவாதிகள் கூடிய இடத்தில் தாமஸ் ஒரு பத்திரிகையாளரிடம், தபால்காரர் உதவித்தொகைக் காசோலையைக் கொண்டுவரத் தாமதித்தால் தன் அக்காவுக்குக் கோபம் வருகிறது என்றார், அரசு உதவி மனிதரை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு உதாரணமாக. அந்த அக்கா உதவித்தொகை வாங்கியது, பக்கவாதத்தில் படுத்த அதே அத்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட வேண்டி வந்ததால். சொந்தக் காலில் நின்ற தம்பியின் பெருமைக்குக் கீழே இன்னொருவர் குனிந்து தாங்கிக்கொண்டிருந்தார், அவர் பெயர் கணக்கில் வரவில்லை. அந்தப் பக்கம் பார்த்தாலும் இதேதான். 1995 அக்டோபர் 16 அன்று நேஷன் ஆஃப் இஸ்லாம் தலைவர் ஃபராகான் வாஷிங்டன் நகரில் கூட்டிய பத்து லட்சம் ஆண்கள் பேரணிக்குப் பெண்களை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மேடையில் பேசப்பட்ட பாவமன்னிப்பும் குடும்பப் பொறுப்பும் அன்றைய குடியரசுக் கட்சிக்காரர் எவரும் தலையாட்டக் கூடியவை. அடுத்த வருடமே நலத்திட்டங்களை வெட்டிய சட்டம் வந்தது, அதில் முதலில் அடிபட்டவர்கள் பேரணிக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்தத் தாய்மார்கள்தான்.

பிரியும் இடமும் இருக்கிறது, அதையும் மழுப்பக் கூடாது. மால்கம் 1964 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் பேசியபோது கடைகள் நம்முடையதாக இருக்கட்டும், குடியையும் போதையையும் விடுவோம் என்றார், தாமஸுக்குப் பிடித்த பகுதி அது. ஆனால் அந்தப் பேச்சின் உயிர் வாக்குச்சீட்டு. ஓட்டை ஆயுதமாக, ஒரு கூட்டமாகச் சேர்ந்து பயன்படுத்துவோம் என்பதுதான் அதன் முழக்கம். கடைசி வருடத்தில் அவர் முதலாளித்துவத்தைப் பிணந்தின்னிக் கழுகு என்றார். தாமஸ் அந்தப் பேச்சில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளையர் மாறமாட்டார்கள் என்ற இடத்தில் தொடங்கி, வெள்ளையர் எழுதிய சட்டத்தையும் வெள்ளையர் கையில் இருக்கும் சந்தையையும் நம்பி இருங்கள் என்ற இடத்தில் போய் அவர் நிற்பது எனக்குப் பொருந்தவே இல்லை. அரசியலால் ஒன்றும் நடக்காது என்று நம்புகிறவர் அரசியல் செய்ய வேண்டிய மக்களின் ஓட்டுக்குக் காவலாக இருந்த சட்டத்தை ஏன் அவிழ்க்க வேண்டும்? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க வேண்டும் என்றால் முதலில் அவர் பேச்சை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். துரோகி என்று சொல்லிவிட்டால் கேள்விக்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

நமக்கு இதைப் பேச என்ன உரிமை என்றும் யோசித்தேன். 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறியது அந்த மக்கள் நடத்திய உரிமைப் போராட்டத்தின் அலையில்தான், நாம் வந்த கதவு அது. வந்தவர்கள் அவர்களுக்குள் யார் உண்மையான கறுப்பினத்தவர் என்று சான்றிதழ் கொடுக்கிற வேலையைச் செய்யக் கூடாது. அவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளட்டும், அது அவர்கள் வீட்டுச் சண்டை. அதில் இரவல் வாங்கிய வசவோடு நாம் நுழைவது சரியில்லை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அந்தப் படத்தை இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வாஷிங்டனின் அட்லாண்டாப் பேச்சையும் மால்கமின் கிளீவ்லாந்துப் பேச்சையும் ஒரே நாளில் வைத்துப் படிப்போம், கூடவே 1995 வழக்கில் தாமஸ் எழுதிய பக்கங்களையும். மூன்றையும் தமிழில் சுருக்கித் தருவது என் பொறுப்பு, பாதி முடித்துவிட்டேன். மில்வாக்கி வவுச்சர் கதைக்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும், அதை நான் பேசுவதைவிடப் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசுவது நல்லது. அவரிடம் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார், 1990-ல் மேடிசனுக்குப் போனபோது கொடுத்த துண்டறிக்கைகளை ஒரு அட்டைப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறாராம், அதையும் எடுத்து வருவார். சனிக்கிழமை காலையில் அவருக்குத் தேவாலய வேலை இருக்கிறது, அதனால் மதியம் மூன்று மணிக்கு மேல் வையுங்கள். முழங்கால் வலி, படி ஏற முடியாது. மாடி அறை வேண்டாம், கீழ்த்தள அறை கிடைக்குமா என்று இந்த வாரத்துக்குள் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஷெர்மன் பார்க்கிலிருந்து உங்களில் ஒருவன்